பை சொன்ன இரண்டு கதைகள்

நூலக மேசையிலிருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலைப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதற்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் இந்த ஒரு நாவலுக்கே.

படிக்காதவர்களுக்காகக் கதை: பாண்டிச்சேரியில் மிருகக்காட்சிசாலை நடத்தும் ஒரு குடும்பம், நெருக்கடி நிலைக் காலத்தில் மனம் கசந்து கனடா போக முடிவு செய்கிறது. 1977 ஜூனில் சென்னையில் ஜப்பானியச் சரக்குக் கப்பலில் ஏறுகிறார்கள். வெளிநாட்டுக்கு விற்ற மிருகங்களும் அதே கப்பலில். ஜூலை 2 அன்று பசிபிக் கடலில் கப்பல் மூழ்குகிறது. பிழைத்தது 16 வயதுப் பை பட்டேல் மட்டும். உயிர்காப்புப் படகில் அவனோடு கால் முறிந்த வரிக்குதிரை, கழுதைப்புலி, உராங்குட்டான், ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயருடைய வங்கப் புலி. கடைசியில் மிஞ்சுவது பையனும் புலியும். 227 நாள் கழித்து, 1978 பிப்ரவரி 14 அன்று மெக்சிகோ கரையில் ஒதுங்குகிறார்கள். விசாரிக்க வந்த இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் இதை நம்பவில்லை. அப்போது பை, மிருகங்களே இல்லாத இன்னொரு கதையைச் சொல்கிறான். அதில் படகில் இருப்பவர்கள் நான்கு பேர்: அவன், அவன் அம்மா, கால் முறிந்த மாலுமி, கப்பலின் சமையல்காரன். மாலுமி சாகிறான். அம்மாவைச் சமையல்காரன் கொல்கிறான். சமையல்காரனைப் பை கொல்கிறான்.

கேள்வி: பாண்டிச்சேரியில் உண்மையிலேயே அப்படி ஒரு மிருகக்காட்சிசாலை இருந்ததா? என் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன். — ஆர்.கே., திண்டிவனம்

நாவலில் வருகிற மிருகக்காட்சிசாலை கற்பனைதான். அது இருப்பதாகச் சொல்லப்படும் தாவரவியல் பூங்கா நிஜம். பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் தொடங்கியது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கதையில் வரும் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸும், பை குடும்பத்தோடு மாலையில் நடக்கிற கடற்கரைச் சாலையும் நம் ஊர் இடங்களே. கூட்டிப் போங்கள். புலி எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், கப்பல் ஏறிப் போய்விட்டது என்று சொல்லுங்கள்.

கேள்வி: கடலில் 227 நாள் ஒரு மனிதன் உயிரோடு இருக்க முடியுமா? நாவல் என்பதற்காக எதையும் எழுதிவிடலாமா? — ச.மு., காரைக்கால்

முடியும். இதைவிட அதிக நாள் இருந்தவரும் உண்டு.

பூன் லிம் என்ற சீனக் கப்பல் பணியாளர் 1942 நவம்பரில், போரில் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபின், அட்லாண்டிக் கடலில் ஒரு மிதவையில் தனியாக 133 நாள் இருந்தார். டார்ச் விளக்கின் கம்பிச்சுருளை வளைத்துத் தூண்டில் முள் செய்துகொண்டார். நாவல் வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து நடந்தது இன்னும் பெரிது. எல் சால்வடார் நாட்டு மீனவர் ஹோசே சால்வடார் அல்வரெங்கா 2012 நவம்பரில் மெக்சிகோவிலிருந்து ஒரு சிறிய படகில் மீன்பிடிக்கப் போனார். புயலில் சிக்கி, இயந்திரம் செத்து, பசிபிக் கடலையே கடந்து, 2014 ஜனவரி இறுதியில் மார்ஷல் தீவுகளில் கரையேறினார். 438 நாள். பச்சை மீன், கடற்பறவை, ஆமை இரத்தம், மழைத்தண்ணீர்.

அவர் என்ன தின்றார் என்பதைவிட வேறு ஒன்றுதான் என் மனதில் நிற்கிறது. அவரோடு போன இளைஞர் வழியிலேயே இறந்துவிட்டார். இறந்தபிறகும் பல நாள் அந்த உடலோடு பேசிக்கொண்டே இருந்ததாக அல்வரெங்காவே பின்னால் சொன்னார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. கரை சேர்ந்து உடம்பு தேறியதும், மெக்சிகோவுக்குப் போய் அந்த இளைஞரின் தாயைப் பார்த்தார். உங்கள் மகன் என்ன சொன்னான், எப்படிப் போனான் என்று நேரில் சொல்ல ஓர் ஆள் போக வேண்டியிருந்தது, போனார்.

பையும் அதைத்தான் செய்கிறான். படகின் பெட்டியில் கிடைத்த பேனா எழுதும்வரை நாட்குறிப்பு எழுதுகிறான். புலியோடு பேசுகிறான். விடிந்ததும் தொழுகை, பிறகு புலிக்கு இரை, பிறகு மீன், பிறகு எழுத்து, மறுபடி தொழுகை என்று நாளைக் கூறுபோட்டு வைத்திருக்கிறான். பேசுவதும் எழுதுவதும் அந்த அட்டவணையில் மீன் பிடிப்பதற்குச் சமமான வேலை.

கேள்வி: நான் மீனவர் வீட்டுப் பிள்ளை. ஒரு மீனைக் கொன்றதற்கு அவன் அப்படி அழுதது எனக்கு ஒட்டவே இல்லை. கடலில் கிடப்பவன் மீனுக்கு அழுவானா? — ஜெ., இராமேசுவரம்

உங்கள் வீட்டில் குழந்தைக்கு நடை பழகும்போதே மீன் கண்ணில் பட்டிருக்கும். பை பிறந்ததிலிருந்து சைவம். படகில் வந்து விழுந்த பறவைக்கோலா ஒன்றைக் கையில் எடுக்கிறான். வெட்ட மனம் வரவில்லை. போர்வையில் சுற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கழுத்தை ஒடிக்கிறான். பிறகு தேம்பித் தேம்பி அழுகிறான். அந்த மீனை வாழ்நாள் முழுக்கத் தன் பிரார்த்தனையில் சேர்த்துக்கொண்டதாகவும் சொல்கிறான். ஆனால் அடுத்த பெரிய மீன் சிக்கியபோது, சற்று முன் அழுத அதே பையன் அடித்தே கொல்கிறான், கை நடுங்கவில்லை. மனிதனுக்கு எதுவும் பழகிவிடும், கொல்வதுகூட என்று அவனே ஒத்துக்கொள்கிறான். இவ்வளவும் ஒரே அத்தியாயத்தில், ஒரே நாளில். இரண்டாவது கதையைப் படித்துவிட்டு இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். அந்த முதல் மீனுக்கு அவன் அழுத அழுகை மீனுக்கு மட்டும்தானா என்று உங்களுக்கே தோன்றும்.

சாப்பாட்டைப் பற்றி இன்னொரு இடம். பையும் புலியும் பார்வை போய், பட்டினியில் கிடக்கும்போது, நடுக்கடலில் இன்னொரு படகுக்காரனோடு பை பேசுகிறான். முதலில் புலிதான் பேசுகிறது என்று நினைத்துவிடுகிறான். என்ன வேண்டும் சாப்பிட என்ற பேச்சு வருகிறது. பை ஆரம்பிக்கிறான்: சோறும் சாம்பாரும், உளுந்துச் சாதம், தயிர்ச்சாதம், புளி சேர்த்த காரச் சாம்பார், சின்ன வெங்காயச் சாம்பார், குருமா, உருளைக்கிழங்கு மசாலா, முட்டைக்கோஸ் வடை, மசால் தோசை, ரசம். எதிராளி குறுக்கே பேசப் பேச, இன்னும் முடியவில்லை, இரு என்று அடுக்கிக்கொண்டே போகிறான். எதிராளிக்கு வேண்டியதெல்லாம் இறைச்சி. நாக்கு வறண்டு, உதடு வெடித்துக் கிடக்கிற ஒரு பையன் இலைபோட்டுப் பரிமாறுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்கிறானே, அந்தப் பக்கத்தை நான் சத்தமாகப் படித்திருக்கிறேன். சின்ன வெங்காயச் சாம்பாரில் வந்து குரல் நின்றுவிட்டது. அந்த நேரம் அவனிடம் இருந்த சோறு அந்தப் பெயர்கள் மட்டும்தான்.

கேள்வி: புலிக்குப் போய் யாராவது ரிச்சர்ட் பார்க்கர் என்று பெயர் வைப்பார்களா? — வி.எஸ்., கோயம்புத்தூர்

கதைப்படி அது எழுத்தர் செய்த பிழை. புலிக்குட்டியைப் பிடித்தவர் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். அவர் குட்டிக்கு வைத்த பெயர் 'தாகம்' என்று பொருள்படும். ரயிலில் அனுப்பும் காகிதத்தில் இரண்டும் இடம் மாறிவிட்டன. பையின் அப்பாவுக்கு அது பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்.

ஆனால் மார்ட்டெல் இந்தப் பெயரைச் சும்மா எடுக்கவில்லை. 1884இல் மின்யோனெட் என்ற இங்கிலாந்துப் படகு ஆஸ்திரேலியா போகும் வழியில் மூழ்கியது. நான்கு பேர் ஒரு சிறு படகில் தப்பினார்கள். பசி தாங்காமல் கேப்டன் டட்லியும் துணை அதிகாரி ஸ்டீபன்ஸும், நோயில் கிடந்த 17 வயதுப் பையனைக் கொன்று தின்றார்கள். அந்தப் பையன் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். இதற்கு 46 ஆண்டு முன்னதாக, 1838இல், எட்கர் ஆலன் போ எழுதிய கடல் நாவலிலும் உடனிருந்தவர்களால் கொன்று தின்னப்படும் மாலுமி ஒருவன் உண்டு. அவன் பெயரும் ரிச்சர்ட் பார்க்கர்தான்.

மின்யோனெட்காரர்கள் கரையேறியதும் நடந்ததை மறைக்கவில்லை. கடலில் இது நடப்பதுதான், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று உள்ளதை உள்ளபடி அதிகாரிகளிடம் சொன்னார்கள். உயிர் பிழைக்க அவசியம் என்ற காரணம் கொலைக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு 6 மாதச் சிறையாகக் குறைத்தார்கள். சட்டக்கல்லூரி மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். படகில் உண்ணப்பட்டவனின் பெயரை எடுத்து, உண்ணும் மிருகத்துக்கு வைத்திருக்கிறார் மார்ட்டெல். இரண்டாவது கதை வருவதற்கு முந்நூறு பக்கம் முன்பே, அந்தப் பெயரில் அது இருக்கிறது.

கேள்வி: இரண்டில் எது நிஜமாக நடந்தது? புலியா, சமையல்காரனா? நேராகச் சொல்லுங்கள். — பலர்

நேராகவே சொல்கிறேன். படகில் நடந்தது இரண்டாவது கதை என்றுதான் நான் படிக்கிறேன். வரிக்குதிரை மாலுமி, கழுதைப்புலி சமையல்காரன், உராங்குட்டான் அம்மா, புலி பையேதான் என்று அந்த அதிகாரிகளே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். எனக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அதனால் முதல் கதை பொய் என்று எழுதியிருக்கிறவர்களோடு மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. படகில் என்னென்ன இருந்தன என்று பை ஒரு பட்டியல் போடுகிறான்: 124 டப்பா குடிதண்ணீர், பிஸ்கட், கம்பளி, கயிறு, வெயிலில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி 12. பட்டியலின் கடைசியில் ஒரு கழுதைப்புலி, ஒரு புலி, ஒரு படகு, ஒரு கடல், ஒரு கடவுள். அந்தக் கருவி வேலை செய்கிற விதத்தை நினைத்துப் பாருங்கள். கடல்நீரை அப்படியே குடித்தால் சாவு. அதையே உள்ளே ஊற்றி வெயிலில் மிதக்கவிட்டால், ஆவியாகி, மூடியில் படிந்து, சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் இறங்குகிறது. உப்பு அடியில் தங்கிவிடுகிறது, எங்கும் போய்விடவில்லை. தண்ணீர் அதே கடலுடையதுதான்.

தன் கண்முன் அம்மா கொல்லப்பட்டு, கொன்றவனைத் தானே கொன்ற 16 வயதுப் பையன், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தன்னோடு தானே ஒரே படகில் இருந்தாக வேண்டும். கொன்றது ஒரு புலி என்று வைத்துக்கொண்டால், அந்தப் புலிக்கு இரை போடலாம், விசில் ஊதிப் பழக்கலாம், இதுவரை உன் இடம், இதற்குமேல் என் இடம் என்று எல்லை பிரிக்கலாம். புலி செத்துவிட்டால் நம்பிக்கை இழந்து தானும் செத்துவிடுவான் என்று பைக்கே தெரிகிறது. 227 நாள் அவன் செய்தது இந்தப் பராமரிப்புதான். இதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒன்பது நாள், பாண்டிக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த கடற்கரை மக்களுக்குப் படிவம் எழுதிக்கொடுக்கும் வேலை பார்த்தேன். காணாமல்போனவர் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் இடம். ஓர் ஆயா. பேரன், வயது ஆறு. முதல் நாள் என்னிடம், "கையப் புடிச்சிருந்தேன் டீச்சரம்மா, நழுவிப் போயிட்டான்" என்றார். எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் வேறு ஒரு படிவம் வந்தது. மறுபடி கேட்டேன். "தூங்கிட்டிருந்தான் டீச்சரம்மா. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. பாயோட போயிட்டான்" என்றார். பாயின் நிறத்தைக்கூடச் சொன்னார். பச்சைக் கோரை, ஓரத்தில் சிவப்பு.

நான் பேனாவை நிறுத்திவிட்டு, "முந்தாநாள் வேற மாதிரி சொன்னீங்களே ஆயா" என்றேன்.

எதற்காகக் கேட்டேன்? இரண்டு படிவமும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய்த் தூணோரம் உட்கார்ந்துகொண்டார். மீதி ஆறு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களிடம் பேசினார், அந்தப் பாயைப் பற்றி ஒவ்வொருவரிடமும் சொல்வது எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அதே தெருக்காரர்கள். அன்று காலை பையன் எங்கே இருந்தான் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருத்தரும் திருத்தவில்லை. "ஆமா ஆயா, தூங்கிட்டுதான் இருந்திருப்பான்" என்றார்கள்.

சில ஆண்டு கழித்து இந்த நாவலைப் படித்தேன். ஜப்பானிய அதிகாரிகள் பையிடம் வாழைப்பழம் தண்ணீரில் மிதக்காது என்று வாதாடும் இடம் வந்தது. உராங்குட்டான் வாழைப்பழக் குவியல்மேல் மிதந்து வந்தது என்று பை சொல்லியிருந்தான். கைகழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் போட்டுப் பாருங்கள் என்கிறான். போடுகிறார்கள். மிதக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கையில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

ஆனால் அந்த அதிகாரிகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இரண்டு கதையையும் கேட்டபிறகு பை அவர்களிடம், இரண்டிலுமே கப்பல் ஏன் மூழ்கியது என்று தெரியவில்லை, இரண்டிலும் என் குடும்பம் செத்துப்போகிறது, இரண்டையும் உங்களால் நிரூபிக்க முடியாது, எது நல்ல கதை என்று கேட்கிறான். மிருகங்கள் வருவதுதான் என்கிறார்கள். பை அழுகிறான். ஊருக்குப் போய் எழுதிய அலுவலக அறிக்கையில், வயதுவந்த வங்கப் புலியோடு இத்தனை நாள் கடலில் பிழைத்தவர் வேறு யாரும் இல்லை என்று எழுதிவைக்கிறார் மூத்த அதிகாரி. அரசாங்கக் காகிதத்தில். என் படிவத்திலும் பச்சைக் கோரைப் பாய்க்கு இடம் இருந்திருக்கும், கொஞ்சம் நெருக்கி எழுதியிருந்தால்.

கேள்வி: இந்தக் கதை கடவுளை நம்ப வைக்கும் என்று நாவலின் தொடக்கத்தில் ஒரு பெரியவர் சொல்கிறார். உங்களை நம்ப வைத்ததா? — ம.ஃபா., நாகூர்

நான் முன்பே நம்புகிறவள், அதனால் என் சாட்சி செல்லாது. ஆனால் பை கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் மசூதிக்கும் ஒருசேரப் போகிற அந்தப் பகுதியில், அவனுக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் கடவுளே இல்லை என்கிற உயிரியல் ஆசிரியர், இன்னொருவர் ரொட்டி சுடுகிற சூஃபி. இரண்டு பேருக்கும் ஒரே பெயர்: சதீஷ் குமார். நாகூர்க்காரருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: கடைசியில் புலி திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடுகிறது. ஏன் அப்படி முடித்தார்? — எஸ்.டி., மதுரை

அது புலி. பை மணலில் கிடந்து குழந்தை மாதிரி அழுவது பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அல்ல, விடைபெறாமல் போய்விட்டதே என்றுதான். அப்பாவிடமும் அம்மாவிடமும் அண்ணனிடமும்கூட அவன் விடைபெறவில்லை. முதல் கதைப்படி, கப்பல் மூழ்கும்போது அவர்கள் அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஆங்கிலம் நன்றாகப் படிப்பான். கொடுக்கலாமா? — பி.எல்., நெய்வேலி

கொடுங்கள். முதலில் பள்ளிக்கூட அத்தியாயத்தைக் காட்டுங்கள். பிசின் என்ற முழுப்பெயரை, சிறுநீர் கழிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக்கி எல்லோரும் கேலி செய்ய, புதுப் பள்ளியின் முதல் நாளில் அவன் கரும்பலகைக்கு ஓடிப்போய், என் பெயர் பை என்று கணக்கில் வரும் அந்தக் குறியை எழுதி, 3.14 என்றும் போட்டு, வட்டமும் வரைகிறான். ஒவ்வொரு வகுப்பிலும் அதையே செய்கிறான். உங்கள் மகனுக்குப் பிடித்துவிடும், மேலே அவனே போவான். கழுதைப்புலி வரிக்குதிரையைக் கடிக்கும் பக்கங்கள் கொடுமையானவை. அந்த நாள்களில் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டாவது கதைக்கு இப்போதைக்கு அவனை அவசரப்படுத்த வேண்டாம், கேட்டால் பேசுங்கள்.

நாவலில் சரியாக 100 அத்தியாயம். 97ஆம் அத்தியாயத்துக்கு வந்ததும், அதில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டே சொல். ஏன் அப்படி விட்டிருக்கிறார் என்று அவன் நினைக்கிறானோ, அதை ஒரு அஞ்சலட்டையில் எழுதி இந்தப் பக்கத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவன் கையெழுத்திலேயே எழுதட்டும்.